ஒரு கிலோ குறைய எவ்வளவு கொடுக்கலாம்?

வாசகர் கேள்வி–பதில்: கணினி

அலுவலகப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்படும் மெல்லிய, எடை குறைந்த மடிக்கணினிகளைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களே இந்தப் பகுதியை நிரப்பப் போதுமானவையாக இருப்பதால், இம்முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் வரி ஆலோசகராக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஓசூருக்கும், ஒரு நாள் பர்கூருக்கும், மாம்பழப் பருவத்தில் காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கும் பேருந்தில் போய் வருகிறேன். இப்போதுள்ள 15.6 அங்குல மடிக்கணினி சார்ஜரோடு சேர்த்து இரண்டரைக் கிலோ இருக்கிறது, தோள்வலி தாங்கவில்லை. 1.1 கிலோ எடையுள்ள ‘பிஸினஸ் மாடல்’ ஒன்றைக் காட்டிய கடைக்காரர் 1,20,000 ரூபாய் என்கிறார். அதே பிராசஸரும் அதே ராமும் (நினைவகமும்) உள்ள சாதாரண மாடல் 60,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருமடங்கு கொடுப்பதில் நியாயம் உண்டா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் அலைச்சலுக்கு அந்த விலை தகும் (அதைவிடச் சிக்கனமான வழி ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்). ஆனால் அது எதற்கான விலை என்பதைக் கடைக்காரர் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று ஊகிக்கிறேன். ‘பிஸினஸ் மாடல்’ என்றால் வேகமான மாடல் என்றுதான் பல கடைகளில் விளக்குகிறார்கள். வேகத்துக்கும் இந்த அறுபதாயிரம் ரூபாய்க்கும் தொடர்பே இல்லை. ஒரே பிராசஸரைத் தடித்த உடலிலும் மெல்லிய உடலிலும் வைத்து ஒரு மணி நேரம் இடைவிடாமல் வேலை வாங்கினால், மெல்லியதுதான் முதலில் களைத்துப்போகும். இவ்வகைக் கணினிகளில் நெடுங்காலமாகப் பொருத்தப்பட்டுவரும் இன்டெல் யு வரிசைப் பிராசஸர்கள், நீடித்த வேலைக்கு 15 வாட் என்ற அளவை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. சிறிது நேரம் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு பாய்ந்து ஓடும். உள்ளே சேர்ந்த வெப்பம் வெளியேற இடம் போதாதபோது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜி.எஸ்.டி. படிவம், எக்செல், டேலி, மின்னஞ்சல் ஆகிய எல்லாமே ஒரு பாய்ச்சலில் முடிந்து ஓய்ந்துவிடும் வேலைகள் என்பதால், இந்தக் குறை உங்கள் கண்ணில் படவே படாது. திருமண வீடியோக்களைத் தொகுப்பவர் இதே கணினியை வாங்கினால், ஒரே வாரத்தில் என்னைத் திட்டிக் கடிதம் எழுதுவார்.

நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் உடலுக்கும், கீலுக்கும், விசைப்பலகைக்கும், திரைக்கும் போகிறது. பிளாஸ்டிக்கைக் கொண்டு மெல்லியதாகச் செய்தால் மூலையைப் பிடித்துத் தூக்கும்போதே வளையும் என்பதால், மக்னீசியக் கலவை, அலுமினியம், கார்பன் இழை என்று விலை கூடிய பொருள்களுக்குப் போகிறார்கள். ஜன்னல் வெளிச்சம் எதிரொளிக்காத மங்கல் பூச்சுத் திரை, விரல்ரேகைப் பூட்டு, சில மாடல்களில் சிம் கார்டு போடும் வசதி, உதிரிபாகங்கள் பல ஆண்டுகள் கிடைக்கும் என்ற உறுதி ஆகியவையும் அந்தக் கணக்கில் அடக்கம்.

இந்த எடைக் குறைப்புக்குத் தொழில்துறை பட்ட பாடு சின்னதல்ல. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டியபோது அதன் எடை 1.36 கிலோ, சி.டி. டிரைவ் கிடையாது, நெட்வொர்க் கேபிள் செருக இடம் கிடையாது, யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்று. 2012-இல் லெனோவோ நிறுவனம் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனை 14 அங்குலத் திரையோடு ஏறத்தாழ அதே எடையில் கொண்டுவந்தது. அந்த வரிசை இப்போது 1.1 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. குறைந்த ஒவ்வொரு நூறு கிராமுக்கும் ஏதோ ஒன்றை இழந்திருக்கிறோம்: சி.டி. டிரைவ், வி.ஜி.ஏ. என்ற பழைய திரை இணைப்புத் துளை, நெட்வொர்க் துளை, கையால் கழற்றி மாட்டும் பேட்டரி, எல்லாவற்றுக்கும் மேலாக ராமைச் செருகும் இடம்.

இந்தக் கடைசி இழப்பைத்தான் வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. மிக மெல்லிய மாடல்களில் ராம், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் ஒரு ஜி.பி. கூடக் கூட்ட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் எட்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பதாக எண்ணி 8 ஜி.பி. மாடலை வாங்கினேன், இரண்டாவது ஆண்டின் முடிவில் பிரவுசரில் பத்து பக்கங்களைத் திறந்தாலே கணினி திணறத் தொடங்கியது, சரிசெய்ய வழியே இல்லாததால் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டேன். ஆகவே 16 ஜி.பி. கட்டாயம், பணம் இடம் கொடுத்தால் 32. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் கழற்றி மாற்றக்கூடியதாகவே இருப்பதால், அங்கே சிக்கனம் செய்துகொள்ளலாம்.

வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். கணினியை மட்டும் எடை பார்க்காமல், தினமும் பையில் போகப்போகிற எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். காவேரிப்பட்டணத்தில் தராசுக்கா பஞ்சம்? 1.1 கிலோ கணினிக்குச் சார்ஜர் 300 கிராம், யு.எஸ்.பி. ஹப் 100 கிராம், தனி மவுஸ் 100 கிராம் என்று கூடி 1.6 கிலோவில் நிற்கும். 1.35 கிலோ எடையில், ராம் செருக ஓர் இடமும் போதுமான துளைகளும் உள்ள, சற்றே தடித்த 14 அங்குல அலுவலக மாடலுக்கு ஹப் தேவைப்படாது, மொத்தம் 1.75 கிலோதான் வரும், விலையும் கணிசமாகக் குறையும். நூற்றைம்பது கிராமைத் தோள் உணராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த இரண்டாவதைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும், வரிக் கணக்கில் மின்கையொப்பம் இடப் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். அவை பெரும்பாலும் பழைய அகலமான யு.எஸ்.பி. முனையோடு வருபவை, நிறுவனங்களுக்கான கணக்கைத் தாக்கல் செய்யும் நாளன்று அதற்கான துளை இல்லை என்று தெரியவந்தால், கணினியின் மெலிவால் ஒரு பயனும் இராது.

வரிக் கணக்கைப் பற்றி உங்களிடம் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பது. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மடிக்கணினிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; பதிவு பெற்ற தொழிலுக்காக வாங்கி, தொழிலின் பெயரில் பில் போட்டிருந்தால் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம், அதாவது கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். வரி உட்பட 1,20,000 ரூபாய் என்ற விலையில் அது ஏறத்தாழ 18,300 ரூபாய். மீதித் தொகைக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. வரவாக எடுத்த வரித்தொகைமீது மட்டும் தேய்மானம் கோர முடியாது.

கேள்வி: என் மகள் தருமபுரியில் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். புதிய கணினி வாங்க வசதியில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனர், எஸ்.பி. ரோட்டில் கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற அலுவலக மடிக்கணினிகள் இருபதாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும், புதிய மலிவு விலைக் கணினியைவிட அவை மேல் என்கிறார். நம்பலாமா?
— விவசாயி, பென்னாகரம்

பதில்: மைத்துனர் சொல்வது சரி, அவரே நேரில் போய்ப் பார்த்து வாங்கித் தருவதாக இருந்தால். பெங்களூரின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் மடிக்கணினிகளை மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துவிட்டு மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பதால், ஒரு லட்சத்துக்கு விற்ற கணினிகள் கால் விலைக்கு அந்தத் தெருவில் வந்து குவிகின்றன. இருபத்தையாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புதிய கணினிகளின் விசைப்பலகையும் கீலும் இரண்டு ஆண்டு விடுதி வாழ்க்கையைத் தாங்குவது அரிது. அலுவலகக் கணினியோ ஐந்தாண்டு அடிபடுவதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் கழித்த மாட்டைப் பல்லைப் பார்க்காமல் பிடிப்பதில்லை அல்லவா. இங்கேயும் பார்க்க வேண்டிய பற்கள் சில உண்டு.

முதலாவது, பிராசஸரின் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக நிறுவப்பட வேண்டுமானால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல்லாக இருந்தால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் தேவை. ‘ஐ5’ என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 8-இல் தொடங்கினால் அது எட்டாம் தலைமுறை. 7-இல் தொடங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2018-இல் வந்த திங்க்பேட் டி480: அதே பெயரில் ஏழாம் தலைமுறையும் உண்டு, எட்டாம் தலைமுறையும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

இரண்டாவது, பூட்டு. கழித்துக் கட்டிய நிறுவனம் தன் பட்டியலிலிருந்து கணினியை நீக்க மறந்திருந்தால், விண்டோஸை நீங்கள் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைத்தவுடன் அது பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அங்கத்து ஊழியரின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே கடையிலேயே, கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து, விண்டோஸை அடியிலிருந்து ஒருமுறை நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். அரைமணி நேரம் பிடிக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம், அந்தத் தெருவில் கடைகளுக்குக் குறைவில்லை. பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே கடவுச்சொல் இருந்தால் அதை நீக்குவது எளிதல்ல.

மூன்றாவது, பேட்டரி. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவு, முழு சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 57 வாட்-மணி, இரண்டாவது 30 என்றால், பாதிதான் மிச்சம் என்று பொருள்; புதிய பேட்டரிக்கு ஆகும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். கணினியை மேசைமேல் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடினாலோ, டச்பேட் புடைத்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

மெல்லியது, தடித்தது என்ற கேள்வியில் உங்கள் மகளுக்கு நான் தடித்ததைத்தான் சொல்வேன். அதே 2018-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்280 கைக்கு மிக இலகுவானது, ஆனால் ராம் பற்றவைக்கப்பட்டது. டி480, டெல் லாட்டிட்யூட் 7490 இரண்டிலும் ராமுக்குத் தனித் துளைகள் உண்டு, நெட்வொர்க் கேபிளுக்கும் இடம் உண்டு. டி480-இல் உள்ளே ஒரு பேட்டரியும், கையால் கழற்றும்படி வெளியே ஒரு பேட்டரியும் இருப்பதால், வெளிப் பேட்டரியை மாற்ற ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம். 8 ஜி.பி.யோடு வாங்கிவிட்டு, இரண்டாம் ஆண்டில் கையில் காசு புழங்கும்போது இன்னொரு 8 ஜி.பி. போட்டுக்கொள்ளலாம். கணினி அறிவியல், மின்னணுவியல் பாடங்களுக்கு இது தாராளம். மகள் இயந்திரவியலோ கட்டடவியலோ படித்தால், முப்பரிமாண வரைபட மென்பொருள்கள் இந்த வகைக் கணினிகளில் தவழும் என்பதை இப்போதே அறிந்துகொள்ளுங்கள். அதற்குக் கல்லூரி ஆய்வகக் கணினிதான் கைகொடுக்க வேண்டும்.

கேள்வி: கிரானைட் அறுப்பு ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். குவாரிக்கும் ஆலைக்கும் நடந்துகொண்டே பயன்படுத்த மெல்லிய மடிக்கணினி வேண்டும். ராணுவத் தர சோதனையில் தேறியது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் தூசிக்குப் பயமில்லைதானே?
— வாசகர், பர்கூர் வட்டம்

பதில்: பயம் உண்டு. விளம்பரத்தில் இருப்பது மில்-எஸ்.டி.டி.-810 என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதிர்வு, வெப்பம், குளிர், ஈரப்பதம், தூசி, விழுதல் என்று பல சோதனைகள் அதில் உண்டு. எவற்றை, எந்தக் கடுமையில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். பத்துச் சோதனைகளில் தேறியது என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் கல் அறுக்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் கிடந்தால் தாங்கும் என்பதற்கான உத்தரவாதமும் அதில் இல்லை. தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்க ஐ.பி. என்று தொடங்கும் வேறொரு தர எண் இருக்கிறது. மெல்லிய அலுவலக மடிக்கணினிகளில் அந்த எண்ணைப் பார்ப்பது அரிது.

இவ்வகைக் கணினி அடிப்பக்கத்துத் துளைகள் வழியே காற்றை இழுத்து, மயிர்க்கால் இடைவெளியுள்ள உலோகத் தகடுகளுக்கு நடுவே ஊதி, பக்கவாட்டில் வெளியேற்றுகிறது. உங்கள் ஆலையின் மாவுபோன்ற தூசி அந்தத் தகடுகளுக்கிடையில் போய் அடைத்துக்கொண்டால், மேலே சொன்ன வேகக் குறைப்பு நாள் முழுவதும் நீடிக்கும். விசிறியின் அச்சும் தேய்ந்து கரகரக்கும். பெரும்பாலான மடிக்கணினிகளின் கையேட்டில், இயங்கக்கூடிய உச்ச வெப்பநிலை 35 டிகிரி என்றுதான் குறிப்பிட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் பாறைமேல் நிற்கும்போது அந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டிருக்கும். திரையும் உதவாது: இவ்வகையில் 300, 400 நிட் ஒளிர்வு வழக்கம், திறந்த வெயிலில் எழுத்தைப் படிக்க அதைப்போல இரண்டரை மடங்காவது வேண்டும்.

முரட்டுப் பயன்பாட்டுக்கென்றே பானாசோனிக் டஃப்புக் போன்றவை இருக்கின்றன. அவை 2 கிலோவைத் தாண்டும், விலையோ நீங்கள் நினைப்பதைத் தாண்டும். விசிறியே இல்லாத மேக்புக் ஏர் (2020-இல் எம்1 சில்லோடு வந்தது முதல்) தூசிக்கு ஓரளவு ஈடுகொடுக்கும் என்றாலும், உங்கள் ஆலையில் டேலி ஓட வேண்டுமென்றால் அது விண்டோஸைக் கேட்கும். நான் சொல்வது: குவாரியில் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள், கணினி அலுவலக அறையைவிட்டு வெளியே வர வேண்டாம், ஆண்டுக்கு இருமுறை அடிமூடியைக் கழற்றித் தூசி தட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ரோஜா ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 14 அங்குலக் கணினிகளில் எண் விசைகள் தனியாக இல்லையே?
— வாசகி, ஓசூர்

பதில்: இடமில்லை, அதனால் இல்லை. யு.எஸ்.பி.யில் செருகும் தனி எண் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாள் முழுவதும் ஒரே மேசையில் உட்கார்ந்து எண்களைத் தட்டுபவருக்கு மெல்லிய கணினி எதற்கு என்று நிறுவனத்தைக் கேளுங்கள். அந்தப் பணத்தில் 15.6 அங்குலக் கணினியும், ஒரு நல்ல நாற்காலியும் வரும்.

கேள்வி: விதை நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். அரூரிலிருந்து சித்தேரி மலைக் கிராமங்கள் வரை போக வேண்டியிருக்கிறது. ‘18 மணி நேர பேட்டரி’ என்று போட்டிருந்த மெல்லிய கணினியை வாங்கினேன். 7 மணி நேரம்கூட வருவதில்லை. ஏமாற்றுவேலையா? வழியில் சார்ஜ் செய்ய என்ன செய்யலாம்?
— வாசகர், அரூர்

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, திரையின் ஒளியைக் குறைத்து, வை-ஃபையை அணைத்து, கணினியில் உள்ள ஒரு வீடியோவையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு அளந்தால் அந்த எண் வரும். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பேட்டரியின் அளவு வாட்-மணியில் அடிப்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அது 57 என்று வைத்துக்கொள்வோம். எழுத்து வேலை, எக்செல், நடுத்தர வெளிச்சம் என்றால் கணினி சராசரியாக 6 வாட் இழுக்கும். ஒன்பதரை மணி நேரம் வரும். வெயில் தெரியும் இடத்தில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, கைப்பேசி இணையத்தோடு வீடியோ அழைப்பில் இருந்தால் 10 வாட்டைத் தாண்டும்; ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிக்னல் பலவீனமான மலைப்பகுதியில் சிம் கார்டு உள்ள கணினி, கோபுரத்தைத் தேடித் தேடியே மின்சாரத்தைச் செலவழிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய கணினியின் உண்மையான பலம் சார்ஜரில் இருக்கிறது. யு.எஸ்.பி. சி வழியாக 45 அல்லது 65 வாட்டில் சார்ஜ் ஆகும் கணினிக்கு, அதற்கென்று தனியாக ஒரு சார்ஜரைச் சுமக்க வேண்டியதில்லை. கைப்பேசிக்கும் அதுவே போதும். காரின் 12 வோல்ட் முனையில் செருகும் 65 வாட் சார்ஜர்கள் கிடைக்கின்றன. இரு சக்கர வண்டியில் போகிறவர் என்றால் பவர் பேங்க்: 20,000 எம்.ஏ.எச். என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போக, உங்கள் கணினியை ஏறத்தாழ ஒருமுறை நிரப்பும். பெட்டியில் ‘பவர் டெலிவரி’ என்று இருந்தால் மட்டும் போதாது. 45 வாட்டுக்குக் குறையாமல் வெளியே தருமா என்று பாருங்கள், கைப்பேசிக்கென்று செய்த 20 வாட் பவர் பேங்கைப் பல கணினிகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களிலும் இதுவே உதவும்.

ஊரில் இருக்கும் நாள்களில் சார்ஜரிலேயே செருகி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: வெப்பம், எப்போதும் நிரம்பியே இருப்பது. அலுவலக மாடல்களின் அமைப்பு மென்பொருளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள், மலையேறும் முந்தைய இரவு மட்டும் எடுத்துவிடுங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் கணினியை வைத்துவிட்டுப் போவது, ஒரே கோடைக்காலத்தில் பேட்டரியை முதுமையாக்கிவிடும்.

கேள்வி: பத்திர எழுத்தராக இருக்கிறேன். நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு. மெல்லிய கணினிகளின் விசை விரலுக்குப் பிடிபடவில்லை என்று சிலர் சொல்கிறார்களே?
— வாசகர், பாலக்கோடு

பதில்: விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய தடித்த திங்க்பேட்களில் 1.8 மில்லிமீட்டர் வரை இறங்கும். இப்போதைய மெல்லியவற்றில் 1.5 மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் கீழே. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். நாளைக்கு இருபது பக்கம் அடிப்பவரின் விரல்நுனிக்கு அது தெரியும். அப்படியிருந்தும் மெல்லிய கணினிகளுக்குள் ஒப்பிட்டால், அலுவலக வரிசையின் விசைப்பலகைகளே மேலானவை. விசையின் குழிவும் விசைகளுக்கிடையேயான இடைவெளியும் நிதானமாக யோசித்துச் செய்யப்பட்டவை. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிப்பவராக இருந்தால், அடுத்தடுத்த விசைகளில் இரு கைகளும் மாறி மாறி வருவதால் ஆழம் குறைந்த விசையிலும் தாளம் கெடாது. பழைய தட்டச்சு இயந்திரப் பழக்கத்தில் ஓங்கி அடிப்பவர் நீங்கள் என்றால், அலுவலகத்தில் தனி விசைப்பலகை ஒன்றைச் செருகிக்கொள்வதே நல்லது. எப்படியும், கடையில் நின்றுகொண்டு இரண்டு விசைகளைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, ஒரு கிரையப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியை முழுதாக அடித்துப் பாருங்கள்.

கேள்வி: ஓட்டலில் மெல்லிய மடிக்கணினிமேல் டீ கொட்டிவிட்டது. துடைத்துவிட்டுப் பயன்படுத்தினேன், வேலை செய்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. ‘தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் விசைப்பலகை’ என்று சொல்லித்தானே விற்றார்கள்? மூன்றாண்டு நேரடி சர்வீஸ் இருந்தும் பயனில்லை என்கிறார்கள்.
— வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: அந்தத் தாங்கும் திறன், கணினியை அணைத்துக் கவிழ்த்துவைக்க உங்களுக்குச் சில நிமிட அவகாசம் தருவதற்காக மட்டுமே. விசைப்பலகைக்கு அடியில் ஒரு தகடும், சில மாடல்களில் நீர் வழிந்தோடும் துளைகளும் இருக்கும். அதைத் தாண்டி ஒரு சொட்டு மதர்போர்டில் இறங்கினாலும், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை உலோகம் அரித்துக்கொண்டே போகும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த நம் டீ காய்ந்தபிறகும் பிசுபிசுத்துக்கொண்டு ஈரத்தை இழுத்துவைத்திருக்கும். மூன்று நாள் கழித்து நின்றதற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். பழைய கணினியென்றால் பேட்டரியை உருவிப்போட்டிருப்பீர்கள். பேட்டரியை உள்ளே புதைத்துவிட்ட மெல்லிய கணினியில் அந்த வழி அடைக்கப்பட்டிருப்பது இவ்வகையின் பெரிய பலவீனம் என்றே நினைக்கிறேன்.

வழக்கமான உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான்; கொட்டியது, விழுந்தது, உடைந்தது எல்லாம் ‘விபத்துப் பாதுகாப்பு’ என்று தனியாகப் பணம் கட்டினால்தான் சேரும். வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டியது இது. ‘அடுத்த வேலைநாளில் வீட்டுக்கு வந்து சர்வீஸ்’ என்ற உறுதியும் எல்லா அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. ஓசூருக்கு அடுத்த நாள் வருபவர் உங்களுக்கும் அஞ்செட்டிக்கும் எத்தனை நாளில் வருவார் என்று, உங்கள் குறியீட்டு எண்ணைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. ஒருமுறை என் கணினியின் கீல் உடைந்தபோது, நேரடி சர்வீஸ் என்று நம்பியிருந்த நான் பதினொரு நாள் காத்திருந்தேன்.

இப்போது செய்ய வேண்டியது: மறுபடி இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அரிசிக்குள் புதைத்துவைப்பதாலும் ஹேர் டிரையரால் ஊதுவதாலும் சர்க்கரை போகாது. மதர்போர்டு அளவில் பழுது பார்க்கும் கடைக்கு, ஓசூரிலோ பெங்களூரிலோ, எடுத்துச் சென்று பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பலகையைக் கழுவச் சொல்லுங்கள். போர்டையே மாற்ற வேண்டும் என்று அங்கே சொன்னால், ராமும் பிராசஸரும் அதிலேயே ஒட்டியிருப்பதால் விலை பாதிக் கணினியின் விலையை நெருங்கும். அந்த நிலையில் எஸ்.எஸ்.டி.யை மட்டும் கழற்றி வாங்கி வந்துவிடுங்கள். அதில் பிட்லாக்கர் (தரவுகளைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு போடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்; மீட்புக் குறியீடு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்பதை, கடைக்குக் கிளம்புமுன்பே கைப்பேசியில் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.